கேள்வி – பதில்: மருத்துவமனை ஆளுநர்கள் எதைக் கேட்க வேண்டும்?

இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளில் ஊதியமின்றிப் பணியாற்றும் ஆளுநர்களைப் பற்றி, அங்கே வாழும் நம் வாசகர்கள் சிலர் எழுதிக் கேட்டிருந்தார்கள். இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் மருத்துவமனையிலிருந்து "ஆளுநர் தேர்தல்" என்று ஒரு வாக்குச்சீட்டு தபாலில் வந்திருக்கிறது. எப்போதோ ஒரு படிவத்தில் கையெழுத்திட்டதாக நினைவு. மருத்துவமனைக்கு எதற்குத் தேர்தல்? இந்த ஆளுநர்கள் யார்? (டூட்டிங்கிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: நீங்கள் அன்று கையெழுத்திட்டது மருத்துவமனையின் உறுப்பினர் படிவமாக இருக்கும். உங்கள் ஊரிலுள்ள செயின்ட் ஜார்ஜஸ் மருத்துவமனை 2015 பிப்ரவரியில் ஃபவுண்டேஷன் டிரஸ்ட், அதாவது ஓரளவு தன்னாட்சி பெற்ற பொது மருத்துவமனை நிறுவனம், ஆனது. அந்தத் தகுதி பெற்ற ஒவ்வொரு நிறுவனத்துக்கும் உறுப்பினர்களும், அவர்கள் தேர்ந்தெடுக்கும் ஆளுநர் மன்றமும் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

இந்த ஏற்பாட்டை முன்வைத்தவர், டோனி பிளேர் அரசில் சுகாதார அமைச்சராக இருந்த ஆலன் மில்பர்ன். தேசிய சுகாதாரச் சேவையின் மருத்துவமனைகள் அனைத்தும் லண்டனிலுள்ள அமைச்சகத்தின் ஆணைக்குக் காத்திருக்கும் நிலை மாற வேண்டும், நன்றாக நடக்கும் மருத்துவமனைகள் மிச்சம் பிடித்த பணத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளவும், கடன் வாங்கிக் கட்டடம் எழுப்பவும், தங்கள் சேவைகளைத் தாங்களே திட்டமிடவும் உரிமை பெற வேண்டும் என்பது அவருடைய வாதம். அமைச்சருக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றால் பிறகு யாருக்குப் பதில் சொல்வது என்ற கேள்வி உடனே எழுந்தது. பிரிட்டனின் பழைய கூட்டுறவு இயக்கத்தின் சிந்தனையிலிருந்து அதற்கு விடை எடுத்தார்கள்: அந்த வட்டாரத்து மக்களும், நோயாளிகளும், ஊழியர்களும் உறுப்பினர்களாகச் சேர்ந்து தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆளும் கட்சிக்குள்ளேயே கடும் எதிர்ப்பு இருந்ததால், 2003 நவம்பரில் இந்தச் சட்டம் மக்களவையில் 17 வாக்கு வித்தியாசத்தில்தான் நிறைவேறியது. 2004 ஏப்ரல் 1 அன்று மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை, ராயல் மார்ஸ்டன் புற்றுநோய் மருத்துவமனை, ஹோமர்ட்டன் உட்பட முதல் பத்து மருத்துவமனைகள் இந்தத் தகுதியைப் பெற்றன.

மன்றத்தில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பொதுமக்களும் நோயாளிகளுமாகிய உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். ஊழியர்கள் தேர்ந்தெடுப்பவர்கள் குறைந்தது மூவர். உள்ளாட்சி மன்றம் ஒருவரையாவது நியமிக்கும். மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனை என்றால் பல்கலைக்கழகமும் ஒருவரை நியமிக்கும். ஒருவரது பதவிக்காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள்; மீண்டும் போட்டியிடலாம். சம்பளம் கிடையாது, பயணச் செலவு போன்றவற்றை மட்டும் திரும்பப் பெறலாம்.

வாக்குச்சீட்டை மேசையில் கிடக்கவிடாதீர்கள். இத்தகைய தேர்தல்களில் வாக்களிப்பவர்கள் மிகக் குறைவு. பல இடங்களில் போட்டியே இல்லாமல் ஒருவர் தேர்வாகிவிடுகிறார். ஆகவே உங்கள் ஒரு வாக்குக்கு நாடாளுமன்றத் தேர்தலில் இருப்பதைவிட அதிகக் கனம் உண்டு. ஒவ்வொரு வேட்பாளரும் தம்மைப் பற்றி எழுதிய குறிப்பு சீட்டோடு வந்திருக்கும். "மருத்துவமனைக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டவரைவிட, எதைக் கவனித்துக் கேள்வி எழுப்பப்போகிறார் என்பதைச் சொல்லியிருப்பவருக்கு வாக்களிப்பது நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: ஆளுநர்களுக்கு உண்மையிலேயே அதிகாரம் இருக்கிறதா, அல்லது கூட்டத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு வருவதற்குத்தானா? மருத்துவமனையை நடத்துவது தலைமை நிர்வாகிதானே? (பர்மிங்ஹாமிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: நடத்துவது தலைமை நிர்வாகியும் அவருடைய குழுவும்தான். ஆளுநர்கள் அதில் கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. எந்த வார்டை மூடுவது, எத்தனை செவிலியரைப் பணியில் அமர்த்துவது, எந்தக் கருவியை வாங்குவது என்பவையெல்லாம் இயக்குநர் குழுவின் பொறுப்பு. அந்த இயக்குநர் குழுவின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் ஆளுநரின் இடம் விளங்கும்.

குழுவில் இரண்டு வகையினர் உண்டு. தலைமை நிர்வாகி, நிதி இயக்குநர், மருத்துவ இயக்குநர், செவிலியர் பணிகளின் இயக்குநர் ஆகியோர் மருத்துவமனையின் முழுநேர நிர்வாகிகள். மற்றவர்கள் வெளியிலிருந்து வரும், நிர்வாகப் பொறுப்பில்லாத இயக்குநர்கள். குழுவின் தலைவரும் இவர்களில் ஒருவர். நிர்வாகிகள் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் துருவிப் பார்ப்பது இவர்களுடைய வேலை. இவர்கள் அந்த வேலையைச் செய்கிறார்களா என்று பார்ப்பது ஆளுநர்களின் வேலை. 2012ஆம் ஆண்டின் சுகாதார, சமூகப் பராமரிப்புச் சட்டம் இதைத் தெளிவாக வரையறுத்தது: இயக்குநர் குழுவின் செயல்பாட்டுக்காக நிர்வாகப் பொறுப்பில்லாத இயக்குநர்களைத் தனித்தனியாகவும் கூட்டாகவும் பதில் சொல்ல வைப்பது ஆளுநர் மன்றத்தின் முதல் கடமை, உறுப்பினர்களின் நலனையும் பொதுமக்களின் நலனையும் எடுத்துரைப்பது இரண்டாவது.

இந்தக் கடமையை நிறைவேற்றத் தரப்பட்டிருக்கும் அதிகாரங்கள் சிறியவை அல்ல. தலைவரையும் நிர்வாகப் பொறுப்பில்லாத இயக்குநர்களையும் நியமிப்பவர்கள் ஆளுநர்கள்தான். அவர்களுடைய ஊதியத்தை முடிவு செய்பவர்களும் இவர்களே. மன்றத்தின் மொத்த ஆளுநர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஒப்பினால் அவர்களை நீக்கவும் முடியும். தலைமை நிர்வாகியை நிர்வாகப் பொறுப்பில்லாத இயக்குநர்கள் தேர்ந்தெடுத்தாலும் மன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் அந்த நியமனம் செல்லாது. கணக்குத் தணிக்கையாளரை நியமிப்பதும் மன்றமே. வேறொரு மருத்துவமனையோடு இணைய வேண்டுமென்றால் மொத்த ஆளுநர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஒப்ப வேண்டும். தேசிய சுகாதாரச் சேவைக்கு வெளியிலிருந்து, குறிப்பாகக் கட்டணம் செலுத்தும் தனியார் நோயாளிகளிடமிருந்து வரும் வருவாய்க்கு மொத்த வருவாயில் உள்ள பங்கை ஒரே ஆண்டில் 5 விழுக்காடோ அதற்கு மேலோ அதிகரிக்க நிர்வாகம் விரும்பினால், அதற்கும் மன்றத்தின் பெரும்பான்மை தேவை. பொது மருத்துவமனையின் படுக்கைகள் பணம் கொடுப்பவர்களுக்குப் போய்விடுமோ என்று 2012இல் எழுந்த அச்சத்துக்கு வைக்கப்பட்ட காவல் இது.

நாள்தோறும் பயன்படக்கூடிய அதிகாரம் ஒன்றும் உண்டு. ஒரு விவகாரத்தில் தகவல் வேண்டுமென்றால், இயக்குநர் ஒருவரை மன்றத்தின் கூட்டத்துக்கு வந்து பதில் சொல்லும்படி ஆளுநர்கள் கேட்கலாம். இயக்குநர் குழு கூடுவதற்கு முன் நிகழ்ச்சி நிரலும், கூடிய பிறகு நடவடிக்கைக் குறிப்பும் ஆளுநர்களுக்கு வர வேண்டும்.

இந்த அமைப்பில் எனக்கு நீண்டகாலமாக உறுத்தும் அம்சம் ஒன்று உண்டு. இயக்குநர் குழுவின் தலைவரே ஆளுநர் மன்றத்துக்கும் தலைமை தாங்குகிறார். யாரைக் கேள்வி கேட்க வேண்டுமோ அவரே, எந்தக் கேள்வி எப்போது கேட்கப்படலாம் என்பதை முடிவு செய்யும் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். இதை ஓரளவு சமன் செய்யவே, ஆளுநர்களில் ஒருவரை முதன்மை ஆளுநர் என்று அமர்த்தும் வழக்கம் வந்தது. தலைவர் வழியாகப் பேசுவது பொருந்தாத சூழ்நிலையில், மருத்துவமனைகளை மேற்பார்வையிடும் தேசிய அமைப்பு அவரோடு நேரடியாகத் தொடர்புகொள்ளும். மனத்திடம் உள்ள முதன்மை ஆளுநர் வாய்த்த மன்றம் ஒரு மாதிரியாகவும், தலைவரின் முகம் பார்த்துப் பேசுபவர் வாய்த்த மன்றம் வேறு மாதிரியாகவும் நடக்கும்.

கேள்வி: என் தாயாரின் அறுவைச் சிகிச்சை இரண்டு முறை கடைசி நேரத்தில் தள்ளிவைக்கப்பட்டது. எங்கள் வட்டாரத்து ஆளுநரிடம் முறையிட்டால் தேதி வாங்கித் தருவாரா? (ரெடிங்கிலிருந்து ஒரு வாசகி)

பதில்: தர மாட்டார் அம்மா, தரவும் கூடாது. ஆளுநருக்கு வேண்டியவர் என்பதற்காக ஒருவர் வரிசையில் முன்னே போனால், பின்னே தள்ளப்படுபவரும் யாரோ ஒருவருடைய தாயார்தான். தனிப்பட்ட முறையீட்டுக்கு வேறு வழி இருக்கிறது. முதலில் மருத்துவமனைக்குள்ளேயே இயங்கும் நோயாளர் ஆலோசனைப் பிரிவான "பால்ஸ்" அலுவலகத்துக்குச் செல்லுங்கள். பெரும்பாலான சிக்கல்கள் அங்கேயே தீர்ந்துவிடுவதுண்டு. தீராவிட்டால் எழுத்து மூலம் முறைப்படி புகார் அளியுங்கள். பொதுவாகச் சம்பவம் நடந்து 12 மாதங்களுக்குள் அளிக்க வேண்டும். மருத்துவமனையின் இறுதிப் பதிலும் நிறைவளிக்காவிட்டால் நாடாளுமன்ற, சுகாதாரச் சேவைக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

ஆனாலும் உங்கள் அனுபவத்தை ஆளுநரிடம் சொல்லுங்கள். உங்களுடையதைப் போலவே மேலும் பலர் சொல்லும்போது, "கடைசி நேரத்தில் ரத்தாகும் அறுவைச் சிகிச்சைகள் எத்தனை, அந்த எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா, காரணம் படுக்கைப் பற்றாக்குறையா ஆள் பற்றாக்குறையா, இதைக் குறித்து இயக்குநர்கள் என்ன கேட்டார்கள், கிடைத்த விடையை ஏன் நம்பினார்கள்" என்று அவர் மன்றத்தில் கேட்க முடியும். தனி ஒருவரின் துன்பத்திலிருந்து பொதுவான கேள்வியை உருவாக்குவதுதான் நல்ல ஆளுநரின் திறமை.

கேள்வி: நாங்கள் ஹாரோவில் இருக்கிறோம். நார்த்விக் பார்க் மருத்துவமனையின் ஆளுநர் யார் என்று தேடினால் ஒரு பெயரும் கிடைக்கவில்லையே? (ஹாரோவிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: அதற்கு ஆளுநர்களே இல்லை. நார்த்விக் பார்க் சேர்ந்திருக்கும் நிறுவனம் ஃபவுண்டேஷன் டிரஸ்ட் தகுதி பெறாதது. நம்மவர்கள் மிகுதியாக வாழும் ஈஸ்ட்ஹாம் பகுதியின் நியூஹாம் மருத்துவமனைக்கும், அது சேர்ந்திருக்கும் பார்ட்ஸ் ஹெல்த் நிறுவனத்துக்கும், குரோய்டன் மருத்துவமனைக்கும் இதே நிலைதான். ஆனால் உங்கள் பகுதியில் மனநலச் சேவை வழங்கும் சென்ட்ரல் அண்ட் நார்த் வெஸ்ட் லண்டன், நியூஹாமில் அதே சேவையை வழங்கும் ஈஸ்ட் லண்டன் ஆகிய இரண்டும் ஃபவுண்டேஷன் டிரஸ்டுகள். அவற்றில் நீங்கள் உறுப்பினராகலாம், போட்டியும் இடலாம். மனநலத்தைப் பற்றி வீட்டுக்குள்ளேகூடத் தாழ்ந்த குரலில் பேசும் நம் சமூகத்திலிருந்து அந்த மன்றங்களுக்குச் சிலர் போவது மிகவும் தேவையானது என்று நான் நினைக்கிறேன்.

ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் இந்த ஏற்பாடு கிடையாது.

கேள்வி: ஸ்டாஃபர்டு மருத்துவமனையில் அத்தனை கொடுமைகள் நடந்தபோது அங்கேயும் ஆளுநர்கள் இருந்தார்கள்தானே? அவர்களால் என்ன செய்ய முடிந்தது? (ஸ்டோக்கிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: இந்தப் பதவியைப் பற்றிப் பேசும் எவரும் விலகிப்போக முடியாத கேள்வி இது, ஐயா. அறியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மிட் ஸ்டாஃபர்ட்ஷயர் நிறுவனத்தின் ஸ்டாஃபர்டு மருத்துவமனையில், 2005 முதல் 2009 வரையிலான காலத்தில், நோயாளிகள் குடிக்கத் தண்ணீர் எட்டாமல் தவித்தார்கள். மலமும் சிறுநீருமாய் நனைந்த படுக்கையில் மணிக்கணக்கில் விடப்பட்டார்கள். சாப்பாடு வாயருகே கொண்டுபோக ஆளில்லாமல் அப்படியே திரும்பியது. 2007இல் தன் தாயை அங்கே இழந்த ஜூலி பெய்லி என்னும் பெண்மணி, பாதிக்கப்பட்ட குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு போராடினார். அன்று மருத்துவமனைகளைக் கண்காணித்த சுகாதார ஆணையத்தின் அறிக்கை 2009 மார்ச்சில் வந்தது. வழக்கறிஞர் ராபர்ட் ஃபிரான்சிஸ் நடத்திய விசாரணையின் முதல் அறிக்கை 2010இலும், பொது விசாரணையின் அறிக்கை 290 பரிந்துரைகளோடு 2013 பிப்ரவரியிலும் வெளியாயின.

இதில் நெஞ்சை உலுக்கும் செய்தி, அந்த நிறுவனம் 2008 பிப்ரவரியில்தான் ஃபவுண்டேஷன் டிரஸ்ட் தகுதியைப் பெற்றது என்பதாகும். அந்தத் தகுதியைப் பெறுவதிலும், வரவு செலவைச் சரிக்கட்டுவதிலும், தேசிய இலக்குகளை எட்டுவதிலும் இயக்குநர் குழு காட்டிய முனைப்புக்குப் பராமரிப்பின் தரமே விலையாகக் கொடுக்கப்பட்டது என்று ஃபிரான்சிஸ் எழுதினார். சீரழிவு தொடங்கிப் பல ஆண்டுகள் ஆன பிறகே ஆளுநர்கள் அந்தத் தகுதியோடு முறைப்படி வந்தார்கள். வந்தவர்களிடம் போதிய பயிற்சி இல்லை. தங்கள் கடமை எதுவென்ற தெளிவும் இல்லை. அன்றைய சட்டத்தில் பதில் சொல்ல வைக்கும் கடமை இன்றுள்ளதைப் போல எழுதப்பட்டிருக்கவில்லை. குறை கூறிய குடும்பங்கள் மன்றத்துக்கு வெளியே நின்றிருந்தன. உள்ளே இருந்தவர்களுக்கு நிர்வாகம் தயாரித்த அறிக்கைகளே கண்ணாக இருந்தன.

பின்னர், கடமையை வரையறுத்த 2012ஆம் ஆண்டுச் சட்டம், ஆளுநர்களுக்குத் தேவையான அறிவும் திறனும் கிடைக்கச் செய்வது அந்தந்த நிறுவனத்தின் பொறுப்பு என்றும், இயக்குநர் குழு பொதுமக்கள் முன்னிலையில்தான் கூட வேண்டும் என்றும் விதித்தது. தக்க காரணம் இருந்தால் மட்டும் சில பொருள்களைத் தனியாக விவாதிக்கலாம். ஃபிரான்சிஸ் தம் பரிந்துரைகளில் ஆளுநர்களின் பயிற்சியையும், அவர்கள் உறுப்பினர்களுக்கு மட்டுமல்லாமல் பொதுமக்கள் அனைவருக்கும் கடமைப்பட்டவர்கள் என்பதையும் வற்புறுத்தினார்.

ஸ்டாஃபர்டிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: நிர்வாகம் அனுப்பும் தாள்களை மட்டும் படிக்கும் ஆளுநர், எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், நிர்வாகம் காட்ட விரும்புவதை மட்டுமே பார்ப்பார். அவர் உறுப்பினர்களோடு பேச வேண்டும். ஆண்டுதோறும் வெளியாகும் ஊழியர் கருத்தாய்வில், "என் உறவினருக்கு இங்கே சிகிச்சை பெறச் சொல்வேனா" என்ற கேள்விக்கு அந்த மருத்துவமனை ஊழியர்களே என்ன விடை தந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மருத்துவமனைகளை ஆய்வு செய்யும் பராமரிப்புத் தர ஆணையத்தின் அறிக்கையைச் சுருக்கத்தோடு நிறுத்தாமல் முழுவதும் படிக்க வேண்டும். இரண்டு சான்றுகள் ஒன்றோடொன்று முரண்படும் இடத்தில்தான் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது. அவசரப் பிரிவுக்கு வருபவர்களில் 95 விழுக்காட்டினரை நான்கு மணி நேரத்துக்குள் வார்டில் சேர்க்கவோ, வேறிடத்துக்கு மாற்றவோ, வீட்டுக்கு அனுப்பவோ வேண்டும் என்பது தேசிய சுகாதாரச் சேவையின் அரசமைப்பு ஆவணத்தின்படியான தரம். அந்த எண்ணிக்கை ஒரு மருத்துவமனையில் சட்டென்று உயர்ந்தால் மகிழ்வதற்கு முன், நோயாளிகள் எங்கே நகர்த்தப்பட்டார்கள் என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

கேள்வி: நான் ஒரு ஃபவுண்டேஷன் டிரஸ்ட் மருத்துவமனையில் செவிலியர். பொதுமக்கள் தொகுதியில் போட்டியிடலாமா? என் ஆங்கிலம் மேடையில் பேசும் அளவுக்கு இல்லை என்ற தயக்கமும் உண்டு. (சர்ரேயிலிருந்து ஒரு வாசகி)

பதில்: ஊழியர் தொகுதிக்கு உரியவர் அதே நிறுவனத்தின் பொதுமக்கள் தொகுதியில் உறுப்பினராக முடியாது. ஆகவே நீங்கள் ஊழியர் ஆளுநராகப் போட்டியிடலாம். அது தொழிற்சங்கப் பிரதிநிதியின் வேலை அல்ல என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சம்பளமும் பணிநேரமும் அங்கே பேசும் பொருள்கள் அல்ல; ஆனால் ஆள் பற்றாக்குறையால் இரவுப் பணியில் நோயாளிக்கு ஆபத்து நேர்கிறது என்றால் அது மன்றத்தில் பேச வேண்டிய பொருள். அதைச் சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் அந்த அறையில் வேறு யார் இருக்கப்போகிறார்கள்?

மொழியைப் பற்றி வருந்தாதீர்கள். மன்றத்தில் நீண்ட உரைகள் தேவையில்லை. குறிப்பாகக் கேட்கப்படும் ஒரு கேள்வியும், பதில் மழுப்பலாக வந்தால் அதே கேள்வியை மரியாதையோடு மறுபடி கேட்கும் பொறுமையுமே தேவை. ஆண்டுக்குச் சில மன்றக் கூட்டங்களும், அவற்றுக்கு முன்னால் தடித்த கட்டுக் காகிதங்களைப் படிக்கும் மாலைகளும், விரும்பினால் துணைக்குழுக்களும் இருக்கும். படிப்பதற்கு ஆகும் நேரம்தான் அதிகம்.

கேள்வி: ஆளுநர்கள் இனித் தேவையில்லை என்று அரசு அறிவித்துவிட்டதாகப் படித்தேன். இது சரியான முடிவா? (ஈஸ்ட்ஹாமிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இங்கிலாந்துக்கான பத்தாண்டுச் சுகாதாரத் திட்டத்தை அரசு 2025 ஜூலையில் வெளியிட்டது. ஃபவுண்டேஷன் டிரஸ்டுகள் ஆளுநர்களை வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கிவிட்டு, நோயாளிகள், ஊழியர்கள் ஆகியோரின் கருத்தை அறிய இன்னும் துடிப்பான ஏற்பாடுகளை நிறுவனங்களே செய்துகொள்ளலாம் என்று அதில் கூறப்பட்டிருக்கிறது. இந்தப் பதவி சட்டத்தில் எழுதப்பட்டது என்பதால், சட்டத்தைத் திருத்தாமல் அதை நீக்க முடியாது.

அரசின் பக்கத்து நியாயத்தை மறைக்க வேண்டியதில்லை. தேர்தல்களில் பங்கேற்பு குறைவு. ஓய்வுபெற்றவர்களும் வசதியானவர்களுமே மன்றங்களில் மிகுதி. இளையவர்களும் நம்மைப் போன்ற சிறுபான்மையினரும் குறைவு. கருத்தாய்வும் கைப்பேசிச் செயலியும் இன்னும் பலரை எட்டும் என்று சொல்பவர்களை முற்றிலும் தவறு என்று சொல்ல மாட்டேன்.

ஆயினும் இந்த முடிவை நான் ஏற்கவில்லை. கருத்து கேட்பது வேறு, பதில் சொல்ல வைப்பது வேறு. கருத்தாய்வில் ஆயிரம் பேர் குறை சொன்னாலும் ஒரு தலைவரின் பதவி அதனால் போகாது. மருத்துவமனைகள் இணைவது அதனால் நிற்காது. இன்று மன்றத்தின் கையில் இருக்கும் நியமனமும் நீக்கமும் ஒப்புதலும் நாளை வேறு யார் கைக்காவது போகும். அநேகமாக மேலே, அமைச்சகத்தின் பக்கம் போகும். அமைச்சகத்திலிருந்து மருத்துவமனைகளை விடுவிப்பதற்காகத்தான் 2003இல் இதெல்லாம் தொடங்கியது. அதே திட்டத்தில், நோயாளிகளின் குரலாக ஒவ்வொரு வட்டாரத்திலும் இயங்கிவரும் ஹெல்த்வாட்ச் அமைப்புகளையும் நீக்கப்போவதாகச் சொல்லியிருப்பது என் கவலையை இரட்டிப்பாக்குகிறது. மன்றங்களில் நம்மவர்கள் குறைவு என்றால், அவர்களைச் சேர்க்கும் வழியைத் தேட வேண்டும். தலைமையை வேறொருவரிடம் தந்து, பயிற்சியைக் கட்டாயமாக்கி, உறுப்பினர் சேர்க்கையை மசூதியிலும் கோயிலிலும் பள்ளி வாசலிலும் நடத்தியிருந்தால் இந்த மன்றங்கள் எப்படி இயங்கியிருக்கும் என்பதை யாரும் முழு மனத்தோடு முயன்று பார்க்கவில்லை.

கேள்வி: நான் உறுப்பினர் இல்லை. ஆளுநர் மன்றக் கூட்டத்துக்குப் போய்ப் பார்க்க அனுமதி உண்டா? (கிங்ஸ்டனிலிருந்து ஒரு வாசகி)

பதில்: உண்டு. மன்றத்தின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. தேதியும் நிகழ்ச்சி நிரலும் மருத்துவமனையின் இணையதளத்தில் இருக்கும். பார்வையாளர் கேள்விக்குத் தனி நேரம் உண்டா, கேள்வியை முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறும் என்பதால், நிறுவனச் செயலாளர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆளுநர் மன்றத்தோடு நிற்காமல், ஒருமுறை இயக்குநர் குழுவின் கூட்டத்துக்கும் செல்லுங்கள். நிர்வாகப் பொறுப்பில்லாத இயக்குநர்களில் யார் கேட்கிறார்கள், யார் தலையை மட்டும் அசைக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு வந்து, உங்கள் வட்டாரத்து ஆளுநரிடம் சொல்லுங்கள்.